அந்தமான் பயணம்: கிளம்பும் முன் கவனிக்க

பறவைகளைப் படமெடுக்க அந்தமான் வரும் எல்லாருக்கும் வணக்கம். பாண்டியன் எக்ஸ்பிரஸில் சென்னை, அங்கிருந்து விமானம். டிக்கெட் விவரம் தனியாக வரும்.

கேமராவுக்கு எதிரி உப்புக்காற்றுதான். படகில் லென்ஸ் மாற்றவே வேண்டாம். அறைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ட்ரைபாட் கால், கேமரா வெளிப்புறம் எல்லாம் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். பையில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் நாலைந்து பொட்டலம் போடுங்கள். ஏசி அறையிலிருந்து சட்டென்று வெளியே எடுத்தால் லென்ஸில் ஆவி படிந்துவிடும். அரை மணி நேரம் பைக்குள்ளேயே இருக்கட்டும். உபரி பேட்டரி, பவர் பேங்க் கைப்பையில் மட்டும்.

அங்கே நம்மூரைவிட ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்னதாகவே விடிந்து, இருட்டிவிடும். சிடியா டாப்பு காட்டில் வெளிச்சமும் கம்மி, ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) ஏற்றத் தயங்காதீர்கள். நார்கொண்டம் இருவாச்சிப் பறவையைப் பார்க்க முடியுமா என்று கேட்டவர்களுக்கு: அது நார்கொண்டம் தீவில் மட்டுமே உண்டு, நாம் அங்கே போகவில்லை.

ஜாரவா பழங்குடி மக்களைப் படமெடுப்பது குற்றம். செல்போனிலும் கூடாது. பவளம் பொறுக்கும் ஆசையும் வேண்டாம்.

ஞாயிறு விடிகாலை சாமநத்தம் கண்மாயில் பறக்கும் பறவைகளைப் படமெடுக்கும் பயிற்சி. புது லென்ஸ் வாங்கியவர்கள் கட்டாயம் வாருங்கள். டீ என் செலவு.