கன்னியாவில் என் மகன் கேட்ட கேள்வி

திருகோணமலைப் பாடசாலைகளிலும் அறநெறி வகுப்புகளிலும் சமயம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். என் அம்மாவின் அந்தியேட்டியை அண்மையில் கன்னியாவில் செய்தோம். கிரியை முடிந்ததும் பிள்ளைகள் வெந்நீர்க் கிணறுகள் ஏழிலும் மாறி மாறி அள்ளி ஊற்றிக்கொண்டு நின்றார்கள். ஒன்றில் இளஞ்சூடு, இன்னொன்றில் கை வைக்கவே தயக்கம். தாய்க்குக் கிரியை செய்ய நீர் வேண்டுமென்று இராவணன் நிலத்தில் குத்தியபோது ஊறிய கிணறுகள் இவை என்று மாமா கதை சொன்னார். பத்து வயதான என் மகன் ஈரத் தலையோடு என் பக்கத்தில் வந்து நின்று மெதுவாகக் கேட்டான்:

“அம்மா, நான் பிறக்க முதல் கனகாலம் நான் இல்லைத்தானே. அது எனக்கு நோகேல்லை. அப்ப அம்மம்மாவுக்கும் இப்ப நோகாதுதானே? பிறகேன் எல்லாரும் அழுறீங்கள்?”

“பிறகு கதைப்பம்” என்றேன். அந்தப் பிறகு வரவில்லை. அவன் அதைச் சமய வகுப்பில் கேட்டிருக்கிறான். சோதனைக்கு வராத கேள்வி, இந்த வயதில் இதெல்லாம் கேட்கக்கூடாது என்று பதில் வந்திருக்கிறது. வகுப்பு சிரித்திருக்கிறது. அதற்குப் பிறகு அவன் என்னிடமும் கேட்கவில்லை. அந்த ஆசிரியரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. கன்னியாவில் நான் செய்ததும் அதையேதான்.

ஆனால் அது சின்னக் கேள்வி இல்லை. கிறிஸ்துவுக்கு முந்திய முதலாம் நூற்றாண்டில் லுக்ரீசியஸ் என்ற உரோமக் கவிஞர் இதே வாதத்தை எழுதியிருக்கிறார்: பிறப்பதற்கு முந்திய முடிவற்ற காலம் நமக்கு எதுவுமாக இருக்கவில்லை, சாவுக்குப் பிந்திய காலமும் அப்படியே. அவருக்கு வழிகாட்டிய எபிக்கூரஸ், நாம் இருக்கும்வரை சாவு இல்லை, சாவு வரும்போது நாம் இல்லை என்றார். மறுபக்கமும் உண்டு. 1970இல் தோமஸ் நேகல் என்ற மெய்யியலாளர் எழுதிய கட்டுரையில், சாவு கெட்டது என்பதற்கு அது நோக வேண்டிய அவசியம் இல்லை, ஒருவருக்குக் கிடைத்திருக்கக்கூடிய வாழ்வை அது பறித்துவிடுகிறது, அதுவே போதும் என்றார். அம்மாவுக்கு இப்போது நோகவில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆனாலும் இந்தப் பையன் தன்னைவிட உயரமாக வளர்வதைப் பார்க்க அவர் இருக்க மாட்டார். இதை நான் அன்றைக்கே அவனுக்குச் சொல்லியிருக்கலாம். அவனுக்கு விளங்கியிருக்கும்.

எங்கள் சமயத்தில் இதற்கு இடமில்லையா என்றால், நிறைய இருக்கிறது. மார்க்கண்டேயர் கதையை எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுக்கிறோம். பதினாறு வயதுப் பையன் இலிங்கத்தைக் கட்டிப்பிடிக்கிறான், சிவன் எமனை உதைக்கிறார், பிள்ளை தப்புகிறான். சரி, நல்ல கதை. ஆனால் கடோபநிடதத்தில் இன்னொரு பிள்ளை இருக்கிறான், நசிகேதன். அவன் எமனிடமிருந்து தப்பப் பார்க்கவில்லை, எமனுடைய வாசலிலேயே மூன்று இரவு சாப்பிடாமல் காத்திருந்தான். இறந்த மனிதன் இருக்கிறான் என்கிறார்கள் சிலர், இல்லை என்கிறார்கள் சிலர், எது உண்மை என்று கேட்டான். தேவர்களுக்கே இதில் ஐயம் இருந்தது, வேறு வரம் கேள் என்றான் எமன். மாடு, யானை, பொன், நீண்ட ஆயுள் எல்லாம் தருகிறேன், இதை மட்டும் கேட்காதே என்றான். பையன் அசையவில்லை. கடைசியில் எமன் உட்கார்ந்து பதில் சொன்னான். செத்த வீட்டில் பிள்ளை வாய் திறந்தால் ஆளுக்கொரு ரொஃபியைக் கையில் வைத்து வெளியே அனுப்புகிறோமே, எமன் முதலில் செய்து பார்த்ததும் அதைத்தான்.

நாங்கள் ஏன் இப்படி ஆனோம் என்று யோசித்துப் பார்க்கிறேன். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. நிலாவெளிப் பக்கமிருந்து வந்து என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்த பிள்ளையைக் கடல் கொண்டுபோனது. பாடசாலை திரும்பத் தொடங்கிய முதல் நாள் இடாப்பு வாசித்தார்கள். அவளுடைய பெயர் வரவேண்டிய இடத்தில் ஆசிரியையின் குரல் ஒரு கணம் நின்றது, பிறகு அடுத்த பெயருக்குப் போனது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நான் அந்த வாங்கில் அவளுக்கு இடம் விட்டே பல நாள் இருந்தேன். அவள் எங்கே போனாள், ஏன் அவள், ஏன் நான் இல்லை என்ற கேள்விகளை யாரிடமும் கேட்கவில்லை. இருபது வருடத்துக்கு மேலாகியும் அவை அப்படியே கிடக்கின்றன. அந்த ஆசிரியை கல்மனசுக்காரி இல்லை. அவரும் யாரையாவது இழந்திருக்கலாம், வாயைத் திறந்தால் அழுகை வந்துவிடும் என்று பயந்திருக்கலாம்.

அதற்கு முன்பே போர் எங்களைப் பழக்கிவிட்டிருந்தது. யார் செத்தது, எப்படி, ஏன் என்று கேட்காமல் இருப்பதுதான் அப்போது பிள்ளையின் உயிருக்குப் பாதுகாப்பு. எங்கள் தாய் தகப்பன் பயத்தில் சொல்லித் தந்த பாடம் அது, அவர்களைப் பிழை சொல்ல எனக்கு மனம் வராது. 2009இல் போர் முடிந்தது. ‘வாயை மூடு’ மட்டும் வீட்டுக்குள்ளேயே தங்கிவிட்டது. பாதுகாப்புக்காகச் சொன்னதை இன்று ஒழுக்கம் என்று நினைத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு சாவு என்றால் எல்லாச் சமயத்தாரும் வருவார்கள். முஸ்லிம் அயலவர் ‘நாங்கள் இறைவனுக்குரியவர்கள், அவனிடமே திரும்புகிறோம்’ என்று சொல்வார்கள். கத்தோலிக்கப் பிள்ளைகள் விபூதிப் புதனன்று நெற்றியில் சாம்பலோடு வருவார்கள், மண்ணுக்கே திரும்புவாய் என்று சொல்லிப் பூசிய சாம்பல். என் மகனும் தினமும் நீறு பூசுகிறான், அது எதன் சாம்பல், ஏன் நெற்றியில் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. குழந்தையைப் பறிகொடுத்த தாயைச் சாவு நடக்காத வீட்டில் கடுகு வாங்கிவரச் சொன்ன புத்தரின் கதையும் இந்த ஊரில் எல்லோரும் அறிந்ததுதான். இவ்வளவையும் வைத்துக்கொண்டு பிள்ளைகளை ஊமையாக்கி வைத்திருக்கிறோம். உயர்தரத்தில் அளவையியல் இருக்கிறது, பல்கலைக்கழகத்தில் மெய்யியல் இருக்கிறது. ஆனால் கேள்வி வருவது பத்து வயதில்.

உங்களிடம் கேட்பது வாரத்தில் அரை மணித்தியாலம். பிள்ளைகள் வட்டமாக உட்காரட்டும். ஒரு கதையை வாசித்துவிட்டு அவர்களுடைய கேள்விகளைக் கரும்பலகையில் எழுதுங்கள், அதில் ஒன்றை அவர்களே தெரிவு செய்யட்டும். மத்தியூ லிப்மன் என்ற மெய்யியல் பேராசிரியர் 1970களில் அமெரிக்காவில் தொடங்கிய முறை இது, எங்கள் ஓலைப்பாய்க்கும் நன்றாகவே பொருந்தும். புள்ளி வேண்டாம். வீட்டில் அண்மையில் இழப்பு நடந்த பிள்ளையைக் கதைக்கச் சொல்லி வற்புறுத்தவும் வேண்டாம், கேட்டுக்கொண்டிருந்தாலே போதும். உங்கள் நம்பிக்கையை மறைக்கச் சொல்லவில்லை. ஆன்மா அழியாது என்று நம்பினால் அப்படியே சொல்லுங்கள், ஏன் நம்புகிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தெரியாத இடத்தில் ‘எனக்கும் தெரியாது, யோசிப்பம்’ என்று சொல்லுங்கள். ஆசிரியரின் வாயிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்டால் என் மகனுக்கு எவ்வளவு ஆறுதலாக இருக்கும் தெரியுமா?

நேற்றிரவு நானே அவனிடம் அந்தக் கதையை எடுத்தேன். முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நேகல் சொன்னதை என் சொந்தச் சொல்லில் சொன்னேன். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்துவிட்டுக் கேட்டான்: “அப்ப, நான் இன்னும் முந்திப் பிறந்திருந்தால் அம்மம்மாவோட கூட நாள் இருந்திருப்பன். அந்த நாளும் பறிபோனதுதானே? அதுக்கு ஏன் ஒருத்தரும் அழுறேல்லை?”

எனக்குப் பதில் தெரியவில்லை. உங்கள் வகுப்பில் வாசித்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
உப்புவெளி.