சுயவிபரத்தில் ஒரு சொல்

திருகோணமலை
ஞாயிறு மாலை

அன்புள்ள சரோ,

நலம்தானே? இங்கே எல்லோரும் சுகம். அக்காவின் முழங்கால் வலிதான் குறையவில்லை. நீ அனுப்பிய சேலை கிடைத்தது; நிறத்தைப் பற்றி நேரில் சண்டை பிடிக்கிறேன்.

என் நிலாவுக்கு வரன் பார்க்கத் தொடங்கியிருக்கிறோம். தரகருக்குக் கொடுக்க அவளே சுயவிபரம் எழுதினாள். சமயம் என்ற இடத்தில் 'அக்னொஸ்டிக்' என்று போட்டுவிட்டாள். தரகர் தொலைபேசியில் அழைத்து, "அது எந்தச் சபை, டீச்சர்? உப்புவெளிப் பக்கம் புதிதாக வந்ததா?" என்று கேட்டார். உனக்குச் சிரிப்பு வந்திருக்கும். இங்கே அன்று இரவு வீடு இரண்டுபட்டது. அத்தான் "நாத்திகம் பேசுகிறாள்" என்று கத்தினார். அக்கா கோணேசருக்கு நேர்த்தி வைத்துவிட்டார்.

அந்தச் சொல் என்ன சொல்கிறது என்று அவளிடம் ஒருவரும் கேட்கவில்லையே என்பதுதான் எனக்கு ஆறவில்லை. நான் கேட்டேன். கடவுள் உண்டா இல்லையா என்று தனக்குத் தெரியாது என்பதுதான் அதன் பொருள் என்றாள். பிறகு தேடித் தேடி வாசித்தேன்.

டார்வினுக்காக ஊரெல்லாம் வாதாடிய தோமஸ் ஹக்ஸ்லி 1869இல் உருவாக்கிய சொல் அது. இலண்டனில் மெய்ப்பொருளியல் கழகம் தொடங்கிய ஆண்டு. அங்கே கூடிய பாதிரிமார், தத்துவவாதிகள் எல்லோருக்கும் ஏதோவொரு கொள்கைப் பெயர் இருந்தது. ஹக்ஸ்லிக்கு மட்டும் இல்லை. ஆதித் திருச்சபைக் காலத்தில் தமக்கு மறைஞானம் உண்டென்று சொன்ன 'நொஸ்டிக்' கூட்டத்தாரை நினைத்து, அதற்கு முன்னால் ஒரு 'அ' சேர்த்து எதிர்ப்பதம் ஆக்கினார். நம் 'ஞானம்' என்ற சொல்லுக்கும் அந்தக் கிரேக்கச் சொல்லுக்கும் வேர் ஒன்றுதான், சரோ! கோணமாமலையைப் பாடிய சம்பந்தரின் பெயரிலேயே இருக்கும் ஞானம். அன்று முழுவதும் அந்த மகிழ்ச்சியிலேயே இருந்தேன்.

மேரியிடம் இன்னொரு கதையைச் சொல். ஏதென்ஸில் அப்போஸ்தலர் பவுல் கண்ட 'அறியப்படாத தேவனுக்கு' என்ற பலிபீடத்திலிருந்துதான் ஹக்ஸ்லி அந்தச் சொல்லை எடுத்தார் என்று அதே கழகத்தைச் சேர்ந்த ஹட்டன் எழுதியிருக்கிறார். ஹக்ஸ்லியே பின்னர் 1889இல் எழுதியபோது நொஸ்டிக் கதையைத்தான் சொன்னார். எனக்கு அவர் சொன்னதே போதும். மேரி பவுலை விடமாட்டாள்.

அத்தானுக்குப் பதில் டார்வினிடம் இருக்கிறது. கடவுள் இல்லையென்று மறுக்கும் நாத்திகனாகத் தான் ஒருபோதும் இருந்ததில்லை, அக்னொஸ்டிக் என்பதே தன் மனநிலைக்குப் பொருந்தும் என்று 1879இல் ஒரு கடிதத்தில் எழுதினார். தரகருக்கும் ஒரு கூட்டாளி உண்டு. 1918இல் தத்துவஞானி பேர்ட்ரண்ட் ரசல் சிறைக்குப் போனபோது வாசலில் இருந்த காவலர் அவருடைய மதத்தைக் கேட்டார். அக்னொஸ்டிக் என்று சொல்லவும், எழுத்துக்கூட்டிக் கேட்டு எழுதிக்கொண்டு, "மதங்கள் பல, எல்லோரும் கும்பிடுவது ஒரே கடவுளைத்தானே" என்று பெருமூச்சு விட்டாராம். ஒரு வாரத்துக்கு அதை நினைத்தே மகிழ்ந்திருந்ததாக ரசல் எழுதுகிறார்.

ஆனால் என் மனத்தைப் பிடித்துக்கொண்டது வேறு. 1860 செப்டெம்பரில் ஹக்ஸ்லியின் மூத்த மகன் நோயல் செங்காய்ச்சலில் இறந்தான். நான்கு வயது நிரம்பவில்லை. நண்பரான பாதிரியார் கிங்ஸ்லி ஆறுதல் எழுதினார். ஆன்மா அழியாது என்பதை நான் மறுக்கவுமில்லை, உறுதியாகச் சொல்லவுமில்லை என்று ஹக்ஸ்லி பதில் எழுதினார். நம்ப எனக்குக் காரணம் இல்லை, பொய்யென்று காட்ட வழியும் இல்லை என்றார். பிள்ளையைப் புதைத்துச் சில நாட்களே ஆன தகப்பன். சொல் பிறப்பதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே அதன் பொருள் அந்தக் கடிதத்தில் இருக்கிறது.

இதைக் கோழைத்தனம் என்று சிலர் சொல்கிறார்கள். நான் ஒப்பவே மாட்டேன். நிலாவின் அப்பா போனபோது அவர் எங்கே இருக்கிறார் என்று வீட்டுக்கு வந்த ஒவ்வொருவரும் அவளுக்கு உறுதியாகச் சொன்னார்கள். ஒருவர் சொன்னது போல் மற்றவர் சொல்லவில்லை. எல்லோருக்கும் தேநீர் கொடுத்துவிட்டு, தெரியாது என்பதைத் தெரியாது என்றே வைத்துக்கொண்டாள். இன்றும் நான் கூப்பிட்டால் கோயில் வாசல்வரை வருகிறாள், என் செருப்பைப் பார்த்துக்கொள்கிறாள். அந்த நேர்மையை மறைத்து அவளைக் கட்டிக்கொடுக்க என்னால் முடியாது. சுயவிபரத்தில் அந்தச் சொல் அப்படியே இருக்கும்.

நீ ஒன்று செய்யவேண்டும். என் பேச்சை அக்கா கேட்கமாட்டார். உன்மேல் அவருக்குப் பழைய பட்சம். அவருக்கு ஒரு கடிதம் எழுது. டார்வின் பெயரை எடுக்காதே, அந்தத் தகப்பனைப் பற்றி மட்டும் எழுது. தரகர் வெள்ளிக்கிழமை வருகிறார், அதற்கு முன்னால் அது அக்காவின் கைக்கு வரவேண்டும்.

அன்புடன்,
தேவி