அந்தப் பால் பல்லைப் பிடுங்க வேண்டாம்

அன்புள்ள வசந்திக்கு,

உன் முழங்கால் வலி குறைந்துவிட்டது என்று படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. பேத்திக்கு 12 வயதாகியும் கீழ்க் கடைவாயில் ஒரு பால் பல் அசையக்கூட இல்லை, பிடுங்கிவிடலாமா என்று கேட்டிருந்தாய். அவசரப்படாதே. முதலில் தாடை முழுவதும் தெரிகிற எக்ஸ்ரே எடுக்கச் சொல்.

போன மாதம் அதே வயதில் ஒரு சிறுமி வந்தாள். படத்தில் அவளுடைய பால் பல் வேர் கரையாமல், காலை அகட்டி ஊன்றி நிற்கிறது. அதற்கடியில் வளர்ந்துகொண்டிருக்க வேண்டிய பல்லைக் காணோம். வெறும் எலும்புதான். அவள் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "மாசமா இருந்தப்போ நான் சரியா சாப்பிடலையா டாக்டர்?" என்று கேட்டார். அப்படியெல்லாம் இல்லை, பெரும்பாலும் இது வம்சத்தில் வருவது என்றேன். அப்பாவை வாயைத் திறக்கச் சொன்னால், மேல்வரிசையில் நடுப்பல்லுக்கு அடுத்த பல் அவருக்கும் இல்லை! இத்தனை வருடமாக அவர் அதைக் கவனித்ததே இல்லை.

இது அப்படியொன்றும் அபூர்வம் இல்லை, வசந்தி. ஞானப்பல்லை விட்டுவிட்டுப் பார்த்தாலும் 100 பிள்ளைகளில் சுமார் 6 பேருக்கு ஒரு பல்லாவது பிறவியிலேயே இருக்காது. நீ பாடம் நடத்திய 40 பேர் வகுப்பில் இரண்டு மூன்று பேர் அப்படி இருந்திருப்பார்கள். பையன்களைவிடப் பெண் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் அதிகம். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றோ இரண்டோதான் குறையும். ஆறும் அதற்கு மேலும் இல்லாதவர்கள் மிகக் குறைவு. அவர்களுக்கு முடி, நகம், வியர்வை எல்லாம் சரியாக இருக்கிறதா என்றும் பார்ப்போம்.

அடியில் பல் இல்லை என்று தெரிந்தாலும் பயப்படாதே. சொத்தை விழாமல் பார்த்துக்கொண்டால் அந்தப் பால் பல்லே முப்பது நாற்பது வயது வரை உழைக்கும். பக்கத்துப் பற்களைவிடத் தாழ்ந்துபோகிறதா என்று மட்டும் அவ்வப்போது பார்க்க வேண்டும். சிலருக்கு அதை எடுத்துவிட்டு, கம்பி போட்டு இடைவெளியை மூடுவதுதான் நல்லது. எது சரி என்பதை இந்த வயதிலேயே யோசித்து முடிவு செய்யலாம். தெரியாமல் பிடுங்கிவிட்டால் பல்லை வைத்துக்கொள்ளும் வழி அடைபடும், எலும்பும் மெலிந்துபோகலாம். அதுதான் என் கவலை.

படம் எடுத்ததும் எனக்கு அனுப்பு. அப்புறம், உன் மகனையும் ஒருமுறை கண்ணாடி முன்னால் நின்று பற்களை எண்ணிப் பார்க்கச் சொல்.

அன்புடன்,
மாலதி