வரிசையில் நின்ற நேரம் ஆடிய நேரம் ஆகாது

அனுப்புநர்:
தங்கள் வாடிக்கையாளர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.
(பெயர், கைப்பேசி எண், ஆர்டர் எண்கள் இணைப்பில் உள்ளன)

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்,
விளையாட்டு வெளியீட்டு நிறுவனம், இந்தியப் பிரிவு.

பொருள்: வெளியீட்டு நாளுக்காக முன்பதிவு செய்து வாங்கிய மல்டிபிளேயர் விளையாட்டின் இரண்டு பிரதிகளுக்குச் செலுத்திய ₹6,998-ஐத் திருப்பித் தரக் கோருதல் தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். கடந்த மாதம் இரண்டாம் வெள்ளிக்கிழமை நீங்கள் வெளியிட்ட புதிய விளையாட்டை உங்கள் சொந்த இணையக் கடையில் வாங்கியவன் நான். எனக்கு ஒன்று, பெங்களூரில் படிக்கும் என் தம்பிக்கு (சித்தப்பா மகன்) ஒன்று, பிரதி ₹3,499. வெளியான மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமையே முதல் புகாரை அனுப்பினேன். இன்றோடு 26 நாட்கள் ஆகின்றன. அதன்பின் மூன்று முறை எழுதினேன். நான்கு கடிதத்துக்கும் ஒரே பதில்: "ஆட்ட நேரம் இரண்டு மணி நேரத்தைக் கடந்துவிட்டதால் பணம் திருப்பித் தர இயலாது." ஓர் எழுத்துகூட மாறவில்லை. நான் எழுதியதை யாரும் படிக்கவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். இந்தக் கடிதத்தையாவது ஒரு மனிதர் உட்கார்ந்து படிக்க வேண்டும் என்பதற்காக விரிவாகவே எழுதுகிறேன்.

இதை நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. இரண்டு வாரம் பேசித்தான் முடிவெடுத்தோம். நாங்கள் மூன்று பேர். நான் ராணிப்பேட்டையில் ஒரு ஏற்றுமதிக் காலணித் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். மூன்றாமவன் குடியாத்தத்து நண்பன், துபாயில் ஏ.சி. பராமரிப்பு வேலை. ஒரு காலத்தில் வைகாசி முதல் நாள் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா என்றால் மூவரும் கௌண்டன்யா ஆற்றங்கரையில்தான் நிற்போம். இப்போது ஆளுக்கொரு ஊர். சேர்ந்து உட்கார எங்களுக்கு மிஞ்சியிருப்பது இரவு நேரத்து ஆன்லைன் ஆட்டம் ஒன்றுதான். அதனால்தான் இது எனக்கு வெறும் ₹6,998 சம்பந்தப்பட்ட விஷயமாகத் தெரியவில்லை.

துபாய் நண்பன் ஆரம்பத்திலேயே சொன்னான்: "அவசரப்படாதே, ஒரு மாதம் போகட்டும்." அவன் பேச்சில் நியாயம் இருந்தது. 2012 மே மாதம் டயப்லோ 3 விளையாட்டு வெளியான அன்று, காசு கொடுத்தவர்கள் உள்ளே நுழைய முடியாமல், சர்வர் நெரிசலைச் சொல்லும் 'எரர் 37' என்ற வரியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். 2013 மார்ச்சில் வந்த சிம்சிட்டி, ஒருவர் தனியாக ஆடுவதற்குக்கூட இணையம் வேண்டும் என்று கட்டப்பட்டு, சர்வர் தாங்காமல் முதல் வாரத்தையே நாசமாக்கியது. இவற்றையெல்லாம் அவன் வரிசையாக எடுத்துவைத்தான். பொறுத்திருந்தால் குறைகள் திருந்தும், விலையும் இறங்கும் என்பது அவன் கணக்கு.

நான்தான் மறுத்துப் பேசினேன். தனியாக ஆடும் கதை விளையாட்டு என்றால் ஒரு வருடம் கழித்து வாங்கினாலும் கதை அப்படியே காத்திருக்கும். பலர் சேர்ந்து ஆடும் விளையாட்டு அப்படியில்லை. முதல் வாரத்தில் எல்லோரும் புதியவர்கள். எந்த மூலையில் யார் பதுங்குவார்கள், எந்த ஆயுதம் கைக்கு அடங்கும் என்று ஒருவருக்கும் தெரியாது. எல்லோரும் ஒன்றாகத் தடுமாறி ஒன்றாகக் கற்றுக்கொள்ளும் அந்தப் பத்துப் பதினைந்து நாட்கள் திரும்பி வருவதில்லை. இரண்டு மாதம் கழித்து நுழைகிறவன், இருநூறு மணி நேரம் ஆடித் தேர்ந்தவர்களின் துப்பாக்கிக்கு நேராகப் போய் நிற்கிறான். நாங்கள் மூவரும் பகலில் வேலை, படிப்பு என்று ஓடிவிட்டு இரவில் ஒரு மணி நேரம் ஆடுகிறவர்கள். எங்களைப் போன்றவர்களுக்குத் தொடக்கம்தான் தோதான காலம்.

இந்த வாதத்துக்கு வலு சேர்த்தது உங்கள் விற்பனைப் பக்கம். "முதல் நாளிலிருந்தே மும்பை சர்வர்கள்", "வெளியீட்டு நாள் நெரிசலுக்கு முழுமையாகத் தயார்" என்று இரண்டு வரிகள் தமிழிலேயே இருந்தன. அவற்றை நண்பனுக்கு அனுப்பி, "பார், எழுத்திலேயே கொடுத்திருக்கிறார்கள்" என்றேன். அவன் சம்மதித்தான், துபாயில் தன் கைக்காசில் வாங்கினான். அந்த இரண்டு வரிகளின் ஸ்கிரீன்ஷாட் தேதியோடு என்னிடம் இருக்கிறது. வெளியான நான்காம் நாள் அந்த வரிகள் பக்கத்திலிருந்து காணாமற்போனதற்கும் ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது.

இனி அந்த வெள்ளிக்கிழமை இரவு. 86 ஜி.பி. கோப்பை முந்தைய நாளே இறக்கி வைத்திருந்தேன். என் வீட்டு இணைப்பு 40 எம்.பி.பி.எஸ்.; அதற்கே ஐந்து மணி நேரம் பிடித்தது. இரவு 9.30-க்கு விளையாட்டு திறந்ததும் 31 ஜி.பி. அப்டேட் ஒன்று வேண்டும் என்றது. இது பற்றி முன்னறிவிப்பு ஏதும் இல்லை. அது இறங்கி முடிய 11.15. வேலூர் வெயிலைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். இரவு பதினொரு மணிக்கும் சுவர் அனல் கக்கும். மின்சாரம் போய்விடுமோ என்று இன்வெர்ட்டரின் பச்சை விளக்கை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

திறந்ததும் திரையின் நடுவில் ஓர் எண்: "வரிசையில் உங்கள் இடம் 41,872." மூவரும் தொலைபேசிக் கூட்டழைப்பில் இருந்தோம். ஆளுக்கொரு எண்ணைச் சொல்லிச் சொல்லி, இறங்க இறங்க மகிழ்ந்தோம். 52 நிமிடம். என் எண் 300-க்குக் கீழே வந்தபோது திரை ஒருமுறை கறுத்தது. இணைப்பு துண்டிக்கப்பட்டது என்று ஒரு செய்தி, அடுத்து, "வரிசையில் உங்கள் இடம் 58,310." கூட்டழைப்பில் யாரும் சற்று நேரம் பேசவில்லை. இரண்டாம் முறை 73 நிமிடம் நின்றேன். நான் உள்ளே போனபோது நள்ளிரவு 1.20. வாரத்தில் கிடைக்கும் ஒரே விடுப்பை இந்த வெளியீட்டுக்காகவே வெள்ளிக்கிழமைக்கு மாற்றி வாங்கியிருந்த நண்பன், மறுநாள் காலை வேலைக்குப் போக வேண்டும் என்று சொல்லிப் படுத்துவிட்டான். தம்பி இன்னும் வரிசையில் இருந்தான். நான் முன்பின் தெரியாதவர்களோடு ஓர் ஆட்டம் 14 நிமிடம் ஆடினேன். அடுத்த ஆட்டம் எட்டாம் நிமிடத்தில் அறுந்தது. அந்த இரண்டு ஆட்டங்களிலும் பிங், அதாவது சர்வருக்குத் தகவல் போய்த் திரும்பும் நேரம், 190 மில்லி விநாடிக்கு மேல். மும்பை சர்வராக இருந்திருந்தால் காட்பாடியிலிருந்து அதில் நான்கில் ஒரு பங்குகூட வராது. நான் சுட்ட குண்டு போய்ச் சேருமுன் எதிரி சுவருக்குப் பின்னால் போய்விட்டிருந்தான்.

அந்த இரவு முழுவதும் ஒரே ஒரு பகுதி மட்டும் தடங்கலின்றி இயங்கியது. வரிசைத் திரையின் வலது ஓரத்தில் இருந்த கடை. உடை, ஆயுத வண்ணம், நாணயம் எல்லாம் காசு கொடுத்தால் உடனே கிடைக்கும் நிலையில் இருந்தன. உள்ளே விட முடியாதவர்களிடம் மேலும் பணம் கேட்பது எந்த வியாபாரத்திலும் முறையாகாது. இதை உங்களுக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

இப்போது உங்கள் 'இரண்டு மணி நேர' விதிக்கு வருகிறேன். என் கணக்கில் அந்த இரவு பதிவான ஆட்ட நேரம் 2 மணி 41 நிமிடம். அதில் வரிசையில் நின்றது 2 மணி 5 நிமிடம். லாபியில், அதாவது ஆட்டம் தொடங்குமுன் அணி சேரும் திரையில், வெறுமனே காத்திருந்தது 14 நிமிடம். ஆடியது 22 நிமிடம். கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் என்ற இணையக் கடை 2015-இலிருந்து, வாங்கிய 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணம் திருப்பித் தருகிறது. உங்கள் விதியும் அதே சாயலில்தான் இருக்கிறது. பொருளைப் பார்த்து, பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்க ஒருவருக்கு அவகாசம் வேண்டும் என்பதற்காக ஏற்பட்ட விதி அது. பொருளைக் கண்ணிலேயே காட்டாமல் வாசலில் நிற்க வைத்த நேரத்தை அதில் சேர்த்தால், நெரிசல் கூடக்கூட வாடிக்கையாளரின் உரிமை குறைந்துகொண்டே போகும். உங்கள் சர்வர் எவ்வளவு மோசமோ அவ்வளவு பாதுகாப்பு உங்களுக்கு. இதை யாரும் நியாயம் என்று சொல்ல முடியாது.

என் தம்பிக்கு நேர்ந்தது இதைவிடக் கொடுமை. அவன் கணக்கில் 3 மணி 20 நிமிடம் 'ஆட்ட நேரம்'. அவன் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை.

பதினெட்டாம் நாள் அப்டேட்டுக்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று மின்னஞ்சல் அனுப்பினீர்கள். உண்மைதான், வரிசை இப்போது இல்லை. ஆனால் ஆட்களும் இல்லை. கடந்த சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு இந்தியப் பகுதியில் ஆட்டம் தேடினேன். 11 நிமிடம் தேடியும் அணி சேராமல் மறுபடி வெளிநாட்டு சர்வரில் கொண்டுபோய் விட்டது. முதல் வாரத்தில் வெறுத்து விலகியவர்கள் திரும்பவில்லை. சிரசுத் திருவிழா அன்று பாதையை அடைத்துவிட்டு, பதினெட்டு நாள் கழித்துத் திறந்துவிட்டால் அங்கே யார் நிற்பார்கள்? சாமி காரியத்தை விளையாட்டோடு ஒப்பிடவில்லை. கூட்டம் கூடும் நாளுக்கு ஓர் அருமை உண்டு என்பதற்காகச் சொல்கிறேன். நீங்கள் விற்றது ஒரு கோப்பு மட்டும் அல்ல. கூட ஆடும் மனிதர்களும் சேர்ந்துதான் அந்தப் பொருள். அந்தப் பாதி போய்விட்ட பிறகு கோப்பைத் திருத்தித் தந்ததால் என் இழப்பு ஈடாகவில்லை.

என் தொழிலில் இப்படி நடக்காது. ஒவ்வொரு ஜோடியையும் கையில் எடுத்து, சோல் பிரிகிறதா என்று வளைத்துப் பார்ப்போம். மேல்தோலில் விரல் ஓட்டித் தையல் விலகியிருக்கிறதா என்று பார்ப்போம். இடது காலில் மட்டும் பசை விட்டிருந்தாலும் அந்த ஜோடி பெட்டிக்குள் போகாது. தப்பித்தவறிப் போய்விட்டால் வாங்குநர் திருப்பி அனுப்புவார், நஷ்டம் எங்கள் தொழிற்சாலைக்கு. "நடந்து பார்த்துவிட்டீர்களே, இனி எடுத்துக்கொள்ள மாட்டோம்" என்று நாங்கள் பதில் எழுதினால் அடுத்த ஆர்டர் வராது.

உங்கள் துறையிலேயே நேர்மையாக நடந்தவர்கள் இருக்கிறார்கள். 2021 டிசம்பரில் ஃபைனல் ஃபேன்டசி 14-இன் புதிய பாகத்துக்குக் கட்டுக்கடங்காத கூட்டம் வந்தபோது, அதை நடத்தும் ஸ்கொயர் எனிக்ஸ் நிறுவனம் புதிய விற்பனையையே நிறுத்திவைத்தது. காத்திருந்தவர்களுக்கு ஆட்ட நாட்களை இலவசமாக நீட்டித்தது. 2024 பிப்ரவரியில் ஹெல்டைவர்ஸ் 2-க்கு எதிர்பாராத கூட்டம் வந்தபோது, அதை உருவாக்கிய ஸ்டூடியோவின் தலைவரே, கையில் பணம் தாராளமாக இல்லாதவர்கள் சர்வர் சீராகும்வரை பொறுத்திருந்து வாங்கலாம் என்று வெளிப்படையாகச் சொன்னார். அதே ஆண்டு ஆகஸ்ட் 23-இல் வெளியான கான்கார்டு விளையாட்டை சோனி செப்டம்பர் 6-இல் நிறுத்தியபோது, வாங்கியவர்களுக்கு முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தது. ஆக, தவறு நேர்வது பெரிய குற்றமில்லை. நேர்ந்த பிறகு விற்பனையை ஒரு நாள்கூட நிறுத்தாமல், கேட்டவனுக்கு இயந்திரப் பதில் அனுப்பிக்கொண்டிருப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

சமாதானமாக 500 விளையாட்டு நாணயங்களை என் கணக்கில் வரவு வைத்திருக்கிறீர்கள். அதில் ஒன்றைக்கூடத் தொடவில்லை. திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

நான் கேட்பது இதுதான். இரண்டு பிரதிகளுக்கும் செலுத்திய ₹6,998-ஐ, நாணயமாகவோ கடை இருப்பாகவோ அல்லாமல், பணம் வந்த வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள். வரிசையில் நின்ற நேரத்தை ஆட்ட நேரத்தில் சேர்க்கும் வழக்கத்தை நிறுத்தி, இதே காரணத்துக்காக மறுக்கப்பட்ட மற்றவர்களின் கோரிக்கைகளையும் மறுபடி எடுத்துப் பாருங்கள். இந்தியப் பகுதியில் ஆட்டம் கிடைக்க எவ்வளவு நேரமாகிறது என்பதை விற்பனைப் பக்கத்தில் தமிழிலும் போடுங்கள். வாக்குறுதியைத் தமிழில் கொடுக்கத் தெரிந்தவர்களுக்கு இது கடினமாக இருக்காது.

2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, புகார் கிடைத்ததைக் குறைதீர்ப்பு அலுவலர் 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளுக்கோ சேவைக்கோ பணம் திருப்பித் தர மறுக்கக் கூடாது என்று விற்பனையாளருக்கும் அதே விதிகள் சொல்கின்றன. அந்த ஒரு மாதம் முடிய இன்னும் சில நாட்களே இருக்கின்றன. அதற்குள் உரிய பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, வேலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். 2019-ஆம் ஆண்டுச் சட்டம் வாடிக்கையாளர் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்க இடமளிக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் இல்லை. காட்பாடியிலிருந்து வேலூருக்குப் பாலாற்றுப் பாலத்தைத் தாண்டினால் போதும். எத்தனை வாய்தா என்றாலும் விடுப்புப் போட்டு வருவேன்.

துபாய் நண்பன் தன் பிரதிக்குத் தனியாகப் புகார் அனுப்புகிறான். என் பேச்சை நம்பி வாங்கியவன் அவன். நான் உங்கள் பேச்சை நம்பினேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
காட்பாடி.

இணைப்பு: இரண்டு ரசீதுகள், விற்பனைப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டுகள் (வெளியீட்டுக்கு முன்பும், நான்காம் நாளிலும்), வரிசை எண் தெரியும் படங்கள் ஐந்து, இரு கணக்குகளின் ஆட்ட நேரப் பதிவு, எனக்கு வந்த நான்கு பதில்கள்.