எந்தக் கோப்பு என்று சொல்லுங்கள்

உபுண்டு போன்ற லினக்ஸ் வழங்கல்களைப் பராமரிக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். பல நிரல்கள் பகிர்ந்து பயன்படுத்தும் பழைய லைப்ரரிகளை அப்படியே வைத்திருங்கள் என்று நான் கேட்கவில்லை. இணையத் தொடர்பை மறையாக்கும் ஓபன்எஸ்எஸ்எல் லைப்ரரியின் 1.1.1 பதிப்புக்கான பொது ஆதரவு 2023 செப்டம்பரில் முடிந்தது, உபுண்டு 22.04 அதற்கு முன்பே 3.0-க்குப் போய்விட்டது. சரியான முடிவுதான். ஆனால் பழையதைத் தூக்கிய பிறகு பயனருக்கு என்ன சொல்கிறீர்கள்?

பழைய 32-பிட் நிரல் ஒன்றை 64-பிட் உபுண்டு 22.04-இல் இயக்கினால், 'அப்படி ஒரு கோப்போ அடைவோ இல்லை' என்று வரும். கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையைக் கொடுத்தால் கோப்பு அங்கேயேதான் இருக்கிறது! அனுமதியை மாற்றுகிறார்கள், மறுபடி தரவிறக்குகிறார்கள், ஒன்றும் நடக்காது. உண்மையில் இல்லாதது அந்த நிரலை ஏற்றித் தரவேண்டிய 32-பிட் லோடர். அதன் பாதை நிரலுக்குள்ளேயே எழுதியிருக்கிறது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் அதைப் படித்துத் தேடுகிறது, கிடைக்காவிட்டால் 2 என்ற பிழை எண்ணை மட்டும் திருப்பி அனுப்புகிறது. நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி இயக்கும் பேஷ், 5.2-க்கு முந்தைய பதிப்புகளில், அந்த எண்ணுக்குரிய வாசகத்தை எடுத்து, நாம் தட்டிய பெயரோடு ஒட்டிவிடுகிறது. பேஷ் 5.2-இல் இதைத் 'தேவையான கோப்பு கிடைக்கவில்லை' என்று திருத்தினார்கள். நல்லது, எந்தக் கோப்பு? இதே பேஷ், ஸ்கிரிப்டின் முதல் வரியில் குறிப்பிட்ட, அதை இயக்கவேண்டிய இன்டர்பிரிட்டர் இல்லையென்றால், கோப்பைத் திறந்து பார்த்துப் பெயரோடு சொல்கிறதே!

ஓபன்எஸ்எஸ்எல் விஷயத்தில், அதன் கோப்பைக் குறிப்பிட்டு 'லிப்எஸ்எஸ்எல் 1.1-ஐத் திறக்க முடியவில்லை' என்று பெயராவது வருகிறது, அதுவும் டெர்மினலில் இயக்கினால். ஐகானை இரட்டைக் கிளிக் செய்தவருக்குப் பெரும்பாலும் எதுவுமே தெரியாது. அப்புறம்? புதிய 3-ஆம் பதிப்புக்கே 1.1 என்று பெயர் வைத்து இணைப்புக் கொடுத்துப் பார்க்கிறார்கள்; பதிப்பு இல்லை என்று வேறொரு பிழை. கடைசியில் யாரோ எங்கோ போட்டுவைத்த டெப் என்ற நிறுவல் கோப்பை எடுத்து, சூடோ மூலம் நிர்வாகி அனுமதி கொடுத்து நிறுவுகிறார்கள். ஆதரவு முடிந்துவிட்டது என்று நீங்கள் விலக்கிய அதே லைப்ரரி, கொல்லைப்புறமாக உள்ளே வந்துவிடுகிறது. இதற்குப் பயனரை மட்டும் திட்டுவது நியாயமில்லை.

உபுண்டு 24.04-இல் பல நிறுவல் பொதிகளின் பெயரில் 'டி64' ஒட்டிக்கொண்டது. 2038-இல் நேரக் கணக்கு தடுமாறும் 32-பிட் கணினிகளுக்கான ஏற்பாடு அது. 64-பிட் கணினியில் மாறியது பெயர்தான். ஆனாலும் லிப்அசவுண்ட்2 என்ற ஒலி லைப்ரரியைப் பழைய பெயரில் கேட்டால், பொதிகளை நிறுவும் கருவியான ஏப்ட் இரண்டு பொதிகளைக் காட்டி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி நின்றுவிடுகிறது. எது என்று புதிதாக வந்தவருக்கு எப்படித் தெரியும்?

உபுண்டுவில் இல்லாத கட்டளையைத் தட்டினால், எந்தப் பொதியை நிறுவவேண்டும் என்று ஒரு சிறு கருவி சொல்லித் தருகிறது. அதே உதவியை லைப்ரரிகளுக்கும் கொடுங்கள். நீக்கிய லைப்ரரியைத் தேடும்போது, 'இது இந்தப் பதிப்பில் நீக்கப்பட்டது, காரணம் இது, நிரலின் புதிய பதிப்பைத் தேடுங்கள்' என்று ஒரு வரி வரட்டும். நீக்கியவற்றின் பட்டியல் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு லினக்ஸ் பயனர்