சர்வர் சும்மா விழாது

அன்புள்ள நண்பா,

நான் நலம். பதில் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. மூக்குக்கண்ணாடி சாரைப் பார்த்தால் நான் கேட்டதாகச் சொல். இனி உன் சர்வர் விவகாரம்.

ஜாவாஸ்க்ரிப்டில் எழுதிய உன் நோட் (Node.js) சர்வர் நினைத்த நேரத்தில் செத்துவிழுகிறது என்று மூன்று பக்கம் புலம்பியிருக்கிறாய், ஆனால் ப்ராசஸ் முடியும்போது விட்டுச்செல்லும் எண்ணான எக்ஸிட் கோடு எங்கேயும் இல்லையே! முதலில் அதைப் பார். 134 என்றால் ஜாவாஸ்க்ரிப்டை இயக்கும் வி8 எஞ்சினே, பொருள்களை வைக்கும் மெமரிப் பகுதியான ஹீப் தீர்ந்துவிட்டதென்று கையை விரித்திருக்கிறது. லாக்கில் ‘ஹீப் அவுட் ஆஃப் மெமரி’ என்ற வரி நிற்கும். 137 என்றால் வெளியிலிருந்து சிக்கில் (SIGKILL), அதாவது உடனே கொல்லும் சிக்னல், வந்திருக்கிறது. பெரும்பாலும், மெமரி தீரும்போது ப்ராசஸைக் கொல்லும் கெர்னலின் ஓஓஎம் கில்லர் வேலைதான். உன் லாக் பாதியில் அறுந்திருக்கும், கெர்னலின் லாக்கான டிமெசேஜில் (dmesg) போய்த் தேடு. 139 என்றால் செக்மென்டேஷன் ஃபால்ட், தொடக்கூடாத மெமரியைத் தொட்டிருக்கிறது: அதற்கு ஹீப்பைக் கிண்டிப் பயனில்லை, சி++ போன்றவற்றில் எழுதிய நேட்டிவ் மாட்யூல்களைச் சந்தேகி.

ஹீப்பின் உச்சவரம்பான மேக்ஸ் ஓல்ட் ஸ்பேஸ் சைஸை 4096 எம்பி ஆக்கிவிட்டேன், இப்போது தேவலாம் என்கிறாயே, அதுதான் எனக்குக் கவலை. சர்வர் ஓடும் உன் கன்டெய்னருக்கு இருப்பதே 2 ஜிபி. ஹீப் 4 ஜிபி வரை போகலாம் என்று சொல்லிவிட்டால் வேண்டாத மெமரியைப் பெருக்கித் தள்ளும் கார்பேஜ் கலெக்டர் அவசரப்படாது. அது முழித்துக்கொள்வதற்குள் கெர்னல் கொன்றுவிடும். முன்பு 134 ஆக விழுந்தது இனி 137 ஆக விழும், கையிலிருந்த எரர் செய்தியும் போச்சு. 1536 வை. பஃபர்கள், த்ரெட் ஸ்டாக்குகள், நேட்டிவ் மெமரி எல்லாம் ஹீப்புக்கு வெளியே இருப்பவை, அவற்றுக்கும் இடம் வேண்டும்.

அடுத்து, 30 நொடிக்கு ஒருமுறை ப்ராசஸின் மெமரி யூசேஜை லாக்கில் எழுது: ஆர்எஸ்எஸ் (ப்ராசஸ் பிடித்திருக்கும் மொத்த ராம்), ஹீப் யூஸ்டு (ஹீப்பில் பயன்பாட்டில் உள்ளது), எக்ஸ்டர்னல் (ஜாவாஸ்க்ரிப்ட் பொருள்களுக்காக ஹீப்புக்கு வெளியே இருப்பது), அரே பஃபர்ஸ் (அதில் பஃபர்களின் பங்கு). கூடவே அதுவரை வந்த மொத்த ரிக்வெஸ்ட் எண்ணிக்கை. கிராஃபை நேரத்துக்கு எதிராக வரையாதே, ரிக்வெஸ்ட் எண்ணிக்கைக்கு எதிராக வரை. ஒழுங்கே இல்லை என்று நீ நினைப்பது அப்போது நேர்கோடாகத் தெரியலாம். உச்சிகளை விட்டுவிடு, கலெக்டர் ஓடி முடித்த பிறகான பள்ளங்களைப் பார். ஹீப் யூஸ்டின் பள்ளங்கள் ஏறிக்கொண்டே போனால் ஜாவாஸ்க்ரிப்ட் கசிவு, அதாவது வேலை முடிந்தும் மெமரி விடுபடவில்லை. அது சமமாக இருந்து எக்ஸ்டர்னலும் அரே பஃபர்ஸும் ஏறினால் யாரோ பஃபரைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். ஆர்எஸ்எஸ் மட்டும் ஏறினால் நேட்டிவ் கசிவு, அல்லது மெமரி வழங்கும் சி நூலகமான ஜிலிப்சி (glibc) மெமரியைத் துண்டு துண்டாக்கித் திருப்பித் தராமல் வைத்திருக்கிறது. மெமரி வழங்க அதற்குப் பதிலாக ஜெமல்லாக் (jemalloc) போட்டுப் பார்.

ஹீப் கசிவென்றால் ஸ்னாப்ஷாட் (ஹீப்பின் அந்த நேரத்துப் பதிவு) ஒப்பீடுதான் வழி. டெஸ்ட் சர்வரைக் கொஞ்சம் சூடாக்கி முதல் ஸ்னாப்ஷாட் எடு. பிறகு ஒரே ரிக்வெஸ்டைச் சரியாக 1,337 முறை அனுப்பி அடுத்ததை எடு. ஏன் அப்படியொரு கோணல் எண்? குரோம் டெவ்டூல்ஸின் கம்பாரிசன் பார்வையில் டெல்டா (எண்ணிக்கை வித்தியாசம்) பத்தியில் 1,337 அல்லது அதன் மடங்கு வந்தால் கண்ணில் குத்தும். 1,000 போட்டால் தற்செயலா என்று குழம்புவாய். ரிக்வெஸ்டைக் குறிக்கும் இன்கமிங் மெசேஜ் அந்த எண்ணில் நின்றால், முடிந்துபோன ரிக்வெஸ்டை யாரோ விடாமல் பிடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பிடித்திருப்பவை யார் என்று காட்டும் ரிட்டெய்னர்ஸில் மேலே ஏறிப் போ: வரம்பில்லாத மேப் கேஷ், நிறுத்தாத செட் இன்டர்வெல் டைமர், இல்லையென்றால் நிகழ்வுகளை அறிவிக்கும், நீண்டகாலம் வாழும் எமிட்டரில் ஒவ்வொரு ரிக்வெஸ்டும் மாட்டிவிட்டுப் போன லிஸனர். ஒரே நிகழ்வுக்குப் பத்துக்கு மேல் லிஸனர் சேர்ந்தால் நோட் எச்சரிக்கை கொடுக்கும். அந்த வரம்பை யாராவது பூஜ்யமாக்கி வாயை அடைத்திருக்கிறார்களா என்று கோடில் தேடிப் பார்.

கிராஃப் தட்டையாக இருந்து திடீரென்று செங்குத்தாக எகிறினால் அது கசிவே இல்லை. யாரோ ஒருவர் முழு டேபிளையும் கேட்டிருப்பார், நீ அதை ஒரே ஜேசன் (JSON) சரமாக்கியிருப்பாய். அல்லது ஸ்ட்ரீமின் ரைட் இடம் நிறைந்துவிட்டதென்று ‘ஃபால்ஸ்’ திருப்பித் தந்தும், காலியானதைச் சொல்லும் ‘டிரெய்ன்’ வரக் காத்திருக்காமல் கொட்டிக்கொண்டே இருப்பாய். ஒப்பீட்டில் இது சிக்காது. ‘ஹீப்ஸ்னாப்ஷாட் நியர் ஹீப் லிமிட்’ கொடியை (flag) 2 என்று வைத்து ஓட்டு, சாவதற்குச் சற்று முன் அதுவே ஸ்னாப்ஷாட்டை எழுதிவைக்கும். எழுத இன்னும் ஒரு ஹீப் அளவுக்கு மெமரி கேட்கும், ஆகவே அந்த ஒரு கன்டெய்னருக்கு மட்டும் இடத்தைக் கூட்டு.

கடைசியாக ஒன்று, இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே. நீ அனுப்பிய ப்ரொடக்ஷன் ஸ்னாப்ஷாட்டை நான் திறக்காமலே அழித்துவிட்டேன். அதில் நுழைவுக்கான டோக்கன்கள், கடவுச்சொற்கள், வாடிக்கையாளர் விவரங்கள் எல்லாம் வெறும் சரங்களாகவே கிடக்கும். வேறு யாருக்காவது அனுப்பியிருந்தால் இன்றே அழிக்கச் சொல், டோக்கன்களையும் மாற்று. எனக்கு டெல்டாவில் மேலே நிற்கும் ஐந்து பெயர்களையும் அவற்றின் ரிட்டெய்னர் சங்கிலியையும் எழுதி அனுப்பினால் போதும்.

அன்புடன்,
உன் நண்பன்