இடப்பக்க விலாவின் கணக்கு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் நலம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ, "நரம்பு வலிக்கான அந்த மாத்திரையை இன்றோடு நிறுத்திவிடுங்கள் அப்பா, அதனால்தானே விழுந்தீர்கள்" என்று சொன்னபோது நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. வாய்ப்பேச்சில் சொல்லத் தொடங்கினால் உன் அம்மா நடுவில் புகுந்துவிடுவாள். அத்துடன், மகளிடம் நேரில் சொல்லக் கூசும் செய்தி ஒன்றும் இதில் இருக்கிறது. ஆகவே எழுதுகிறேன்.

ஐப்பசியில் எனக்கு இடப்பக்க விலாவில் அக்கி கண்டது உனக்குத் தெரியும். சிறுவயதில் சின்னம்மை போட்டபோது உடம்புக்குள் புகுந்த வைரஸ், முதுகுத்தண்டின் அருகே உள்ள நரம்பு முடிச்சில் அறுபது ஆண்டுகளுக்கு மேல் உறங்கிக் கிடந்து, வயதாகி எதிர்ப்பாற்றல் தளர்ந்ததும் அந்த ஒரு நரம்பின் வழியாகவே இறங்கி வந்ததாம். நாம் வழக்கம்போல வேளார் வீட்டுக்குத்தான் முதலில் போனோம். அவர் காவி குழைத்து அக்கி எழுதினார், குளிர்ச்சியாகத்தான் இருந்தது. பின்பு மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரையில் பத்து நாள் போயிற்று. உடம்பில் அடிபட்ட இடத்து வலிக்குக் கேட்கும் அந்த மாத்திரை, நரம்பே பழுதாகி எழுப்பும் வலிக்குப் பெரும்பாலும் கேட்பதில்லை. என் வயதில் சிறுநீரகத்துக்குக் கேடு என்பதுதான் மிச்சம். அக்கி கண்ட 72 மணி நேரத்துக்குள் வைரஸ் எதிர்ப்பு மருந்தைத் தொடங்கியிருந்தால் கொப்புளம் சீக்கிரம் வாடியிருக்கும் என்றும், ஆனால் பின்னால் வரும் இந்த நரம்பு வலியை அது தடுத்துவிடும் என்று சொல்வதற்கில்லை என்றும் புனலூர் மருத்துவர் பிறகு சொன்னார். எனவே வேளாரைக் குறை சொல்லாதே.

அந்த மருத்துவரிடம் போனதைப் பற்றி உன்னிடம் விரிவாகச் சொன்னதில்லை. அவர் மலையாளி. உட்கார்ந்ததும் "புகச்சிலாணோ, தரிப்பாணோ?" என்று கேட்டார். எரிகிறதா, மதமதவென்று இருக்கிறதா என்பதுதான் கேள்வி. நான் பிறந்தபோது நம் செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. 1956 நவம்பர் 1 அன்றுதான் இந்தப் பக்கம் வந்தது. ஆகவே அந்தச் சொற்கள் எனக்கு அந்நியமல்ல. இரண்டும்தான் என்றேன். இடையிடையே சுரீரென்று மின்சாரம் பாய்வதுபோல ஒன்று வருகிறது என்றும் சொன்னேன். அவர் ஊசி முனையால் தொட்டார், அது அவ்வளவாக உறைக்கவில்லை. பஞ்சால் வருடினார், நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். நம் பள்ளிக்கூடத்து மின்மணி அடைமழையில் யாரும் அழுத்தாமலே அடிக்குமே, என் விலா நரம்பும் இப்போது அப்படித்தான். புண் ஆறி எட்டு மாதமாகியும் பனியன் உரசினால் எரிகிறது. ஊரெல்லாம் சாரலுக்குக் காத்திருக்க, நான் சன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் அவர் கொடுத்தது அமிட்ரிப்டிலின், இரவில் 10 மில்லிகிராம். மனச்சோர்வுக்கென்று வந்த பழைய மருந்து அது. அதற்குக் கொடுக்கும் அளவில் சிறு பங்கே நரம்பு வலிக்குப் போதும் என்றார். வாய் உலரும், மலச்சிக்கல் வரும், விடியற்காலையில் சட்டென்று எழுந்தால் தலை சுற்றும் என்றெல்லாம் எச்சரித்துவிட்டு, சிறுநீர் கழிப்பதில் தொந்தரவு உண்டா என்று கேட்டார். பக்கத்தில் உன் அம்மாவும் கம்பவுண்டர் பெண்ணும் நின்றிருந்தார்கள். நான் இல்லை என்றேன். அது பொய். சிறுநீர்ப் பாதையை நெருக்கும் புராஸ்டேட் சுரப்பி வீக்கம் இரண்டு ஆண்டுகளாகவே எனக்கு உண்டு. மருந்தோ நன்றாகத்தான் வேலை செய்தது. மூன்று மாதத்தில் முதன்முறையாக ஒரே மூச்சில் ஆறு மணி நேரம் தூங்கினேன். பன்னிரண்டாம் நாள் நள்ளிரவில் சிறுநீர் அடியோடு அடைத்துக்கொண்டது. தென்காசிக்கு ஆட்டோவில் போய்க் குழாய் போட்டு எடுக்க வேண்டியதாயிற்று. "சும்மா பரிசோதனைக்குப் போனோம்" என்று அம்மா உன்னிடம் சொன்னது அந்த இரவைத்தான். அந்த விளைவை மருந்தின் தலையில் மட்டும் போடுவது நியாயமில்லை. என் கூச்சத்துக்கும் அதில் பங்கு உண்டு.

அதன் பிறகு வந்ததுதான் நீ நிறுத்தச் சொல்லும் பிரிகாபலின். வலிச்செய்தியைக் கடத்தும் நரம்பு முனைகளில் கால்சியம் நுழையும் வழியைச் சற்று அடைத்து, செய்தியின் சத்தத்தைக் குறைக்கிறது. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினை இரத்தத்தில் பார்த்த பிறகே அளவு சொன்னார், ஏனெனில் அந்த மருந்து ஏறக்குறைய முழுவதும் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுகிறது. காலை 75 மில்லிகிராம், இரவு 75. இரண்டு வாரத்தில் எரிச்சல் தணிந்தது, கணுக்கால் வீங்கியது, எடை மூன்று கிலோ கூடியது. காலையில் முற்றத்தில் இறங்கும்போது தரை ஒரு பக்கமாகச் சாய்வதுபோல இருக்கும். அப்படி ஒரு நாள்தான் விழுந்தேன். முழங்கையில் சிராய்ப்போடு போனது. இடுப்பெலும்பாக இருந்தால் இந்தக் கடிதத்தையே வேறு யாராவது எழுத வேண்டியிருந்திருக்கும். ஆகவே உன் பயம் பொருளற்றது என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் அம்மா, நீ ஒரு பக்கத்தை மட்டும் கூட்டுகிறாய். கணக்கு வாத்தியார் மகள் அப்படிச் செய்யலாமா? 2015ஆம் ஆண்டில் இந்த மருந்துகளைப் பற்றிய சோதனைகளையெல்லாம் தொகுத்துப் பார்த்திருக்கிறார்கள். வெற்று மாத்திரை விழுங்கியவர்களோடு ஒப்பிட்டால், பிரிகாபலினை ஏழெட்டுப் பேருக்குக் கொடுத்தால் கூடுதலாக ஒருவருக்குத்தான் வலி பாதியாகக் குறைகிறது. அமிட்ரிப்டிலின் வகைக்கு அது ஏறத்தாழ நாலு பேருக்கு ஒருவர். பின்னதுதான் கெட்டிக்கார மருந்து, ஆனால் என் உடம்புக்கு அது ஆகாது. முன்னதில் பலன் பெறும் சிறுபான்மையில் நான் சேர்ந்திருக்கிறேன், அதுவும் அரைகுறையாக. கையில் கிடைத்ததை, அது முழுமையாக இல்லை என்பதற்காக எறிந்துவிட என்னால் முடியவில்லை.

வலிக்குப் பத்தில் எத்தனை மதிப்பெண் என்று மருத்துவர்கள் கேட்கிறார்களே, அந்த அளவுகோலில் எனக்கு நம்பிக்கை இல்லை. மூன்றுக்கும் நாலுக்கும் உள்ள தூரமும் எட்டுக்கும் ஒன்பதுக்கும் உள்ள தூரமும் ஒன்றென்று யார் அளந்தார்கள்? நான் ஒரு நோட்டுப் புத்தகத்தில் வேறு கணக்கு வைத்திருக்கிறேன்: எத்தனை மணி நேரம் தூங்கினேன், பனியனை எத்தனை நேரம் போட்டிருக்க முடிந்தது, எத்தனை முறை தள்ளாடினேன். அதில் பார்த்தால் இரவு மாத்திரை தன் சம்பளத்துக்கு வேலை செய்கிறது. காலை மாத்திரை அப்படியல்ல. பனியன் நேரத்தை முக்கால் மணிதான் கூட்டுகிறது. தள்ளாட்டம் முழுவதும் அதன் கணக்கில்தான் வருகிறது.

இன்னொன்றையும் சொல்கிறேன். எதிர்வீட்டுப் பையன் பத்தாம் வகுப்புக் கணக்குக்கு என்னிடம் வருகிறான். சென்ற மாதம் ஓர் இருபடிச் சமன்பாட்டைக் காரணிப்படுத்திக் காட்டும்போது கழித்தல் குறியைத் தவறவிட்டேன். பையன் திருத்தினான். மறுநாளும் அதே தவறு. முப்பத்து நான்கு ஆண்டுகளில் கரும்பலகையில் நான் தவறு செய்ததே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் திருத்திய பிறகும் எது தவறு என்று எனக்குச் சற்று நேரம் புரியவில்லை. கீழே விழுந்ததைவிட எனக்கு அதுதான் பெரிய அடி. எரிச்சலோடு கணக்குப் போட என்னால் முடியும். மந்தமான தலையோடு முடியாது.

ஆகவே மருத்துவரிடம் பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். இரவு 75 அப்படியே இருக்கும். காலை மாத்திரையை முதலில் 50 ஆகவும், பிறகு 25 ஆகவும் குறைத்து, அதன்பின் விட்டுவிடுவதாக ஏற்பாடு. நீ சொன்னதுபோல ஒரே நாளில் நிறுத்தினால் தூக்கமின்மை, வியர்வை, குமட்டல், படபடப்பு என்று உடம்பு எதிர்க்கும். அதனால்தான் இந்த நிதானம். பகல் எரிச்சலுக்கு மிளகாயின் காரச்சத்தில் செய்த களிம்பு ஒன்றைத் தடவச் சொல்லியிருக்கிறார். முதல் சில நாள் அது தரும் எரிச்சல் நோயின் எரிச்சலையே தோற்கடிக்கிறது. வற்றல் கிள்ளிய கையால் கண்ணைத் தொடாதே என்று ஆச்சி சொன்னதை மறந்து ஒரு நாள் நன்றாக அழுதேன். பலன் தெரியச் சில வாரம் ஆகுமாம், தெரியாவிட்டால் விட்டுவிடுவேன்.

உன் அம்மாவுக்கும் அறுபத்தாறு ஆகிறது, அம்மை போட்ட உடம்புதான். அக்கிக்குத் தடுப்பூசி 2023 முதல் நம் நாட்டிலும் கிடைக்கிறது, ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இரண்டு தவணை. விலை அதிகம் என்று அவள் மறுக்கிறாள். நீ சொன்னால் கேட்பாள், சொல்.

ஆடி இரண்டாம் வாரம் மறுபடியும் புனலூர் போக வேண்டும். அந்தச் சமயம் நீ ஊரில் இருந்தால் உடன் வா. எரிச்சலையும் தரிப்பையும் நானே சொல்லிக்கொள்வேன். கிரியாட்டினின் எவ்வளவு என்பதையும், இரவு மாத்திரையையும் 50 ஆக்கிப் பார்க்கலாமா என்பதையும் நீ கேள். சிறுநீரைப் பற்றி அவர் கேட்டால் இந்த முறை உண்மையைச் சொல்கிறேன்; அந்த நேரத்தில் மட்டும் நீ கொஞ்சம் வெளியே நின்றுகொள்.

அன்புடன்,
அப்பா